மலாக்காவைப் பிடித்த புத்தகங்கள்

1603ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் தேதி. பொழுது புலரும் நேரம். ஜொகூர் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, இன்றைய சிங்கப்பூரின் கிழக்குக் கரையை ஒட்டி, ஒரு பெரிய போர்த்துகீசியக் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. அதன் பெயர் சாந்தா கத்தரினா. சீனக் கரையில் உள்ள மக்காவ் துறைமுகத்திலிருந்து மலாக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. வயிறு நிறையச் சீனப் பட்டு, பீங்கான், சர்க்கரை. கூடவே நூற்றுக்கணக்கான பயணிகளும் படைவீரர்களும்.

விடிந்ததும் டச்சுக் கப்பல்கள் அதைச் சூழ்ந்துகொண்டன. தலைமை தாங்கியவர் யாக்கோப் வான் ஹேம்ஸ்கெர்க். நாள் முழுவதும் சண்டை. பொழுது சாய்வதற்குள் சாந்தா கத்தரினா சரணடைந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு கப்பலில் இருந்தவர்கள் மலாக்காவுக்குப் போனார்கள். சரக்கு ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தது. 1604இல் அங்கு நடந்த ஏலத்தில் அது ஏறக்குறைய 35 இலட்சம் கில்டருக்கு விலை போனது. 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மொத்த முதலீடே சுமார் 64 இலட்சம் கில்டர்தான். ஒரே கப்பலில் அதில் பாதிக்கும் மேல்!

பல்லாயிரம் மைல் தொலைவில் இருந்த ஒரு சின்ன நாட்டுக்காரர்கள் இந்தக் கடலின் வழியை எப்படி அறிந்தார்கள்? போர்த்துகீசியர் எங்கே பலமாக இருக்கிறார்கள், எங்கே பலவீனமாக இருக்கிறார்கள் என்பதை யார் சொன்னார்கள்? பிறர் கப்பலைப் பிடித்த செயலை உலகின் முன் எப்படி நியாயப்படுத்தினார்கள்?

மூன்று கேள்விகளுக்கும் ஒரே பதில்தான்: புத்தகம்.

நம் வட்டாரத்தின் வரலாற்றைப் போர்க்களங்களின் வரலாறாகவே பள்ளியில் படித்துப் பழகிவிட்டோம். 1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர்கள், பிறகு ஆங்கிலேயர் என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்தோம். அந்தப் பீரங்கிகளுக்கு முன்னும் பின்னும் எழுத்து இருந்தது. ஐரோப்பியர் இந்த உலகத்தை எந்தக் கண்ணால் பார்த்தார்கள், வாணிகத்தையும் அதிகாரத்தையும் தொழில்நுட்பத்தையும் எப்படி ஒன்றாகக் கோத்தார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், அவர்கள் எழுதிய மூன்று நூல்களைப் படித்தாலே போதும். மூன்றும் மலாக்கா நீரிணையோடு தொடர்புடையவை. மூன்றையும் எழுதியவர்கள் அரசர்களோ தளபதிகளோ அல்லர். ஒருவர் மருந்துக் கடைக்காரர். ஒருவர் எழுத்தர். மூன்றாமவர் 21 வயது வழக்கறிஞர்.

மருந்துக் கடைக்காரரின் கணக்கு

முதலாமவர் தோமே பிரெஸ். லிஸ்பன் நகரத்து மருந்து வணிகர். அந்தக் காலத்தில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் சமையலுக்கு மட்டுமல்ல, மருந்துக்கும் வேண்டும். ஆகவே அவற்றின் தரமும் விலையும் தெரிந்த ஒருவரைப் போர்த்துகீசிய அரசு கிழக்கே அனுப்பியது. 1511இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தார். 1512இல் பிரெஸ் மலாக்காவுக்கு வந்து, 1515 வரை இங்கே பணியாற்றினார்.

அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய நூல் ‘சூமா ஓரியெண்டல்’. செங்கடல் தொடங்கிச் சீனம் வரை ஒவ்வொரு துறைமுகமாக எடுத்துக்கொண்டு, அங்கே என்ன விளைகிறது, யார் ஆள்கிறார், என்ன வரி, எந்தப் பருவத்தில் எந்தக் காற்று, யாரோடு யார் வியாபாரம் செய்கிறார் என்று எழுதிவைத்தார்.

மலாக்கா துறைமுகத்தில் 84 மொழிகள் ஒலித்தன என்று பதிவு செய்தவர் அவர்தான். நான்கு ஷாபண்டார்கள் துறைமுகத்தைப் பகுத்து நிர்வகித்த முறையையும் அவர் விளக்கினார். குஜராத்தியருக்கு ஒருவர். தமிழகக் கரையினர், வங்காளத்தார், பெகு, பாசாய் வணிகர்களுக்கு ஒருவர். ஜாவா, மலுக்கு, பண்டா போன்ற தீவுகளிலிருந்து வருவோருக்கு ஒருவர். சீனர்களுக்கும் சம்பா, ரியூக்யூ தீவினருக்கும் ஒருவர். இன்றைய துறைமுக ஆணையம், சுங்கத்துறை, வணிகத் தூதரகம் மூன்றும் செய்கிற வேலையைப் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே மலாக்கா செய்துகொண்டிருந்தது என்பது இந்த ஐரோப்பியரின் எழுத்திலிருந்தே தெரிகிறது.

பிரெஸின் பார்வையில் இன்னொன்றும் முக்கியம். கிழக்கே மலாக்காவில் நடப்பது மேற்கே வெனிஸ் நகரத்தின் வாழ்வைத் தீர்மானிக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். அரபு வணிகர் வழியாக வெனிசுக்குப் போன மிளகும் கிராம்பும் இந்தக் குறுகிய நீரிணையைக் கடந்தே போக வேண்டும். இங்கே கதவைச் சாத்தினால் அங்கே கடை காலியாகும். ‘புவிசார் அரசியல்’ என்று இன்று தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறதே, அந்தச் சொல் பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு மருந்துக் கடைக்காரர் அந்தச் சிந்தனையை எழுதிவைத்துவிட்டார்.

அந்த நூலில் நம்மவர்களும் இருக்கிறார்கள். மலாக்காவின் பெருவணிகர்களில் தமிழகக் கரையிலிருந்து வந்தவர்கள் முன்னணியில் இருந்ததாகப் பிரெஸ் எழுதினார். அவர்களைக் குறிக்க அன்று வழங்கிய பெயர் ‘கெலிங்’. இன்று அந்தச் சொல் காதில் விழுந்தாலே மனம் புண்படுகிறது. அன்றோ, கப்பலும் கடனும் கையில் வைத்திருந்த ஒரு வணிகச் சமூகத்தின் பெயர் அது. அவர்களுள் ஒருவர் நினா சாத்து. அது செட்டி என்பதன் போர்த்துகீசிய உச்சரிப்பாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1509இல் மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு அவர் உதவினார். 1511க்குப் பிறகு அவர்கள் அவரையே பெண்டஹாரா ஆக்கினார்கள். போர்த்துகீசிய அரசும் அவரும் கூட்டாக முதல் போட்டுக் கப்பல் விட்டார்கள். 1514இல், பதவியை இழந்த வேதனையில், அவர் தீயில் இறங்கி உயிர் துறந்தார் என்று போர்த்துகீசிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

ஒரு தமிழ் வணிகரின் வாழ்வும் முடிவும் நமக்குக் கிடைப்பது போர்த்துகீசிய மொழியில்தான். அவர் தம் கணக்கை எழுதிய ஓலையோ ஏடோ நம் கைக்கு வரவில்லை. இதை எண்ணும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

பூட்டிவைத்த புத்தகம்

இவ்வளவு அருமையான நூலைப் போர்த்துகல் என்ன செய்தது? அச்சிடவில்லை. கடல்வழியும் துறைமுகக் கணக்கும் அரசின் இரகசியம். வரைபடங்கள் வெளியே போகாமல் காவல் காத்தார்கள். ஆனாலும் கசிவு இருந்தது. 1502இல் இத்தாலியின் பெராரா நாட்டுப் பிரபுவின் முகவரான கந்தினோ என்பவர், 12 பொற்காசு கொடுத்து ஓர் உலக வரைபடத்தை இரகசியமாக வாங்கிச் சென்றார். அந்த வரைபடம் இன்றும் இத்தாலியின் மொதேனா நகரத்தில் இருக்கிறது.

பிரெஸின் நூலில் ஒரு பகுதி மட்டும் 1550இல் வெனிஸ் நகரத்தில் ரமூசியோ என்பவர் வெளியிட்ட பயண நூல் தொகுப்பில் அச்சானது. ஆசிரியர் பெயர் இல்லை. நறுமணப் பொருள் தீவுகளைப் பற்றிய பகுதியும் இல்லை. முழுக் கையெழுத்துப் படி 1937இல்தான் பாரிஸ் நகரத்தில், பிரெஞ்சு நாடாளுமன்ற நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்தவர் அர்மாந்தோ கொர்த்தேசாவ் என்ற போர்த்துகீசிய அறிஞர். 1944இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளிவந்தது. நானூறு ஆண்டுக்கும் மேலாக ஒரு புத்தகம் அலமாரியில் உறங்கியிருக்கிறது.

பிரெஸ் என்ன ஆனார்? 1517இல் போர்த்துகலின் முதல் தூதராகச் சீனாவுக்குப் போனார். பெய்ஜிங் வரை சென்றார். ஆனால் அவருக்கு முன்பே அங்கு ஒரு புகார் போய்ச் சேர்ந்திருந்தது. மலாக்காவை இழந்த சுல்தான் மாமுட் ஷாவின் தரப்பு, தங்கள் நாட்டைப் போர்த்துகீசியர் பறித்துக்கொண்டதைச் சீனப் பேரரசரிடம் முறையிட்டிருந்தது. மலாக்கா சீனாவின் நட்பு நாடு. தூது முறிந்தது. பிரெஸ் சிறைப்பட்டார். சீன மண்ணிலேயே அவர் வாழ்வு முடிந்தது. மலாக்காவை எழுதியவரை மலாக்காவின் முறையீடே வீழ்த்தியது. எழுத்தின் வலிமையை அறிந்தவர்கள் ஐரோப்பியர் மட்டும் அல்லர் என்பதற்கு இது ஒரு சான்று.

கோவாவில் ஓர் எழுத்தர்

இரண்டாமவர் யான் ஹூய்கன் வான் லின்ஸ்கோட்டன். டச்சுக்காரர். 1563இல் ஹார்லெம் நகரத்தில் பிறந்து, என்க்ஹைசன் என்ற துறைமுக ஊரில் வளர்ந்தவர். பதினாறு வயதுவாக்கில் பிழைப்புத் தேடி ஸ்பெயினுக்குப் போனார். 1583இல் கோவாவின் புதிய பேராயருக்கு எழுத்தராக வேலை கிடைத்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

பேராயரின் அலுவலகம் என்றால் சும்மாவா? கடிதங்கள், கணக்குகள், கப்பல் செய்திகள் எல்லாம் கண்ணில் படும். கிழக்கே போய் வந்த மாலுமிகள் வந்து பேசுவார்கள். லின்ஸ்கோட்டன் கேட்டதையெல்லாம் குறித்துவைத்தார். சீனாவும் ஜப்பானும் பார்த்துவந்த அவருடைய ஊர்க்காரர் ஒருவரும் தகவல் தந்தார். லின்ஸ்கோட்டன் மலாக்காவுக்கு வந்ததே இல்லை. கோவாவில் உட்கார்ந்தபடியே மலாக்காவைத் தெரிந்துகொண்டார்.

பேராயர் ஊருக்குத் திரும்பும் வழியில் இறந்துபோனார். வேலை முடிந்தது. 1589இல் நாடு திரும்பிய லின்ஸ்கோட்டன் அசோர்ஸ் தீவுகளில் இரண்டு ஆண்டுகள் சிக்கிக்கொண்டார். மலாக்காவிலிருந்து வந்த ஒரு கப்பல் அங்கே மூழ்கியிருந்தது. அதன் சரக்கை மீட்கும் வேலையில் அவரும் சேர்ந்தார். அந்த வேலையில் இருந்த, மலாக்காவை நேரில் அறிந்த வணிகர் ஒருவரிடமிருந்து மேலும் செய்திகளைத் திரட்டினார். 1592இல் வீடு வந்து சேர்ந்தபோது அவர் கையில் பொன் இல்லை. மூட்டை நிறையக் குறிப்புகள் இருந்தன.

அப்போது ஐரோப்பாவின் நிலைமை என்ன? டச்சு மாநிலங்கள் 1568 முதல் ஸ்பெயின் மன்னரை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தன. 1580இல் அதே மன்னர் போர்த்துகலுக்கும் மன்னரானார். அதுவரை லிஸ்பனில் மிளகு வாங்கி வட ஐரோப்பாவுக்கு விற்றுவந்த டச்சு வணிகர்களுக்கு அந்தச் சந்தை நிச்சயமில்லாமல் போனது. நேராக மூலத்துக்கே போனால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. எண்ணம் இருந்தது. வழி தெரியவில்லை.

வழியை அச்சடித்துக் கொடுத்தவர் லின்ஸ்கோட்டன். ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் கொர்னேலிஸ் கிளாஸ் 1595இல் அவருடைய கடல்வழிக் குறிப்புகளை வெளியிட்டார். 1596இல் ‘இத்தினராரியோ’ என்ற பெருநூல் முழுமையாக வந்தது. எந்த மாதத்தில் புறப்பட வேண்டும், எந்த முனையில் எந்தப் பாறை, எந்தக் கரையில் எவ்வளவு ஆழம் என்றெல்லாம் அதில் இருந்தது. எல்லாவற்றையும்விட மதிப்புள்ள ஆலோசனை ஒன்றும் இருந்தது. மலாக்கா நீரிணையில் போர்த்துகீசியர் காவல் இருக்கிறார்கள். ஆகவே சுமத்ராவின் தெற்கே சுற்றி, சுண்டா நீரிணை வழியாக ஜாவாவுக்குப் போகலாம், அங்கே அவர்கள் இல்லை என்பதே அது.

1595 ஏப்ரல் மாதம் நான்கு டச்சுக் கப்பல்கள் அந்த வழியில் புறப்பட்டன. 1596 ஜூன் மாதம் பந்தேன் துறைமுகத்தை அடைந்தன. போனவர்கள் 240 பேருக்கு மேல். 1597இல் உயிரோடு திரும்பியவர்கள் 90க்கும் குறைவு. இலாபமும் பெரிதாக இல்லை. ஆனாலும் போய்வர முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. 1598இல் புறப்பட்ட அடுத்த குழு மிளகு மூட்டைகளோடு திரும்பிப் பெரும் இலாபம் கண்டது. அதே 1598இல் ‘இத்தினராரியோ’ இலண்டனில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. ஒரு புத்தகத்தால் மட்டுமே கம்பெனி பிறந்துவிடாது. ஆனால் பூட்டு திறந்த பிறகுதான் கூட்டம் நுழைந்தது.

காற்றாடி அறுத்த பலகை

இங்கே தொழில்நுட்பத்தையும் பார்க்க வேண்டும். வழி தெரிந்தால் போதுமா? கப்பல் வேண்டும். 1594இல் கொர்னேலிஸ் கொர்னேலிசூன் என்ற டச்சுக்காரர், காற்றாலையின் சுழற்சியை மேலும் கீழும் போகும் அசைவாக மாற்றி மரம் அறுக்கும் ஆலையை அமைத்தார். கையால் பல நாள் அறுத்த மரம் சீக்கிரமே பலகையானது. அடுத்த ஆண்டு ஹோர்ன் நகரத்தில் ‘ஃபிளைட்’ என்ற புதுவகைச் சரக்குக் கப்பல் உருவானது. குறைந்த ஆட்கள், நிறைந்த சரக்கு. வட ஐரோப்பியக் கடலில் அது ஈட்டித் தந்த பணம் கிழக்குப் பயணங்களுக்கு முதலானது.

புத்தகமும் ஒரு தொழில்நுட்பம்தான். போர்த்துகீசியர் கையெழுத்தில் எழுதிப் பூட்டிவைத்தார்கள். டச்சுக்காரர்கள் அச்சடித்துக் கடையில் விற்றார்கள். விற்ற புத்தகத்தைப் படித்தவர்கள் பணம் போட்டார்கள். போய்வந்தவர்கள் திருத்தம் சொன்னார்கள். 1611இல் ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற தளபதி, தென்கோடியில் வீசும் மேற்குக் காற்றைப் பிடித்து ஜாவாவுக்கு வந்தார். ஏறக்குறைய ஓர் ஆண்டு பிடித்த பயணம் ஆறு மாதமாகச் சுருங்கியது. லின்ஸ்கோட்டனின் வழியே பழசாகிவிட்டது. அறிவு ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததுதான் அவர்களின் உண்மையான பலம்.

21 வயது வழக்கறிஞர்

மூன்றாவது நூலுக்காக மீண்டும் சாந்தா கத்தரினாவுக்கு வருவோம். பங்குதாரர்களுக்குப் பணம் வந்தது. ஆனால் சிலருக்கு மனம் உறுத்தியது. வியாபாரத்துக்குத்தானே முதல் போட்டோம், இது கொள்ளையல்லவா என்று கேட்டார்கள். வெளிநாடுகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கம்பெனி ஓர் இளைஞரை நாடியது. ஹூகோ குரோட்டியஸ். 11 வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். 1604இல் அவருக்கு வயது 21.

குரோட்டியஸ் கைப்பற்றிய பொருள் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். அது அப்போது அச்சாகவில்லை. அதன் 12ஆம் அத்தியாயம் மட்டும் 1609இல், பெயர் போடாமல், ‘மாரே லிபரும்’ என்ற தலைப்பில் வெளிவந்தது. ‘சுதந்திரக் கடல்’ என்பது அதன் பொருள். கடல் காற்றைப் போன்றது. யாரும் வேலி போட முடியாது. எல்லா நாட்டினருக்கும் அதில் போகவும் வியாபாரம் செய்யவும் உரிமை உண்டு. போப்பாண்டவர் பங்குபோட்டுக் கொடுத்தார் என்பதற்காகக் கிழக்கு நாடுகள் போர்த்துகலின் சொத்தாகிவிடாது. அங்கே ஏற்கெனவே அரசர்கள் இருக்கிறார்கள், சட்டங்கள் இருக்கின்றன. இதுதான் அவருடைய வாதம். இன்றைய அனைத்துலகக் கடல் சட்டத்தின் வேர்களில் ஒன்றாக அந்தச் சிறு நூல் மதிக்கப்படுகிறது. அதன் தொடக்கம் சிங்கப்பூர், ஜொகூர் கடலில் நடந்த ஒரு கப்பல் பிடிப்பு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஐரோப்பியப் பார்வையைப் படிக்கும்போது அதன் நிழலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சுதந்திரக் கடல் என்று எழுதிய நாட்டினர், பலம் வந்ததும் கடலுக்குக் கதவு போட்டார்கள். 1613இல் இலண்டன் சென்ற டச்சுத் தூதுக்குழுவில் குரோட்டியஸும் இருந்தார். கிழக்கில் எங்களையும் வியாபாரம் செய்ய விடுங்கள் என்று கேட்ட ஆங்கிலேயர்கள் எடுத்துக்காட்டியது ‘மாரே லிபரும்’ நூலைத்தான். எழுதியவரோ, ஒப்பந்தம் செய்தவர்கள் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

1621இல் பண்டா தீவுகளில் சாதிக்காய் முழுவதையும் தன் கையில் கொண்டுவரக் கம்பெனி நடத்திய படையெடுப்பில் தீவு மக்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டார்கள், பட்டினியால் இறந்தார்கள், அல்லது அடிமைகளாக்கப்பட்டார்கள். 1641இல் ஜொகூரின் துணையோடு மலாக்காவைப் பிடித்த பிறகு, நீரிணையில் போகும் வணிகக் கப்பல்களிடம் கம்பெனி அனுமதிச் சீட்டுக் கேட்டது.

தமிழகக் கரையும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. நறுமணத் தீவுகளில் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணிக்கு மதிப்பு அதிகம். அந்தத் துணிக்காகவே டச்சுக்காரர்கள் 1610இல் பழவேற்காட்டில் கால் ஊன்றினார்கள். 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். தறியில் உட்கார்ந்திருந்த நெசவாளிக்குத் தன் துணி எந்தத் தீவில் எந்தக் கிராம்புக்கு மாறுகிறது என்று தெரிந்திருக்காது. ஆம்ஸ்டர்டாமில் கணக்குப் பார்த்தவருக்குத் தெரியும். அந்த வேறுபாடுதான் அதிகாரம்.

இளவரசர் கேட்ட நூல்

இந்தக் கதையில் மலாய் உலகம் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. ஹேம்ஸ்கெர்க்கை ஜொகூருக்கு அழைத்து, போர்த்துகீசியரை எதிர்ப்பதற்குக் கைகொடுத்தவர் ராஜா போங்சு. ஜொகூர் சுல்தானின் தம்பி. மலாக்காவை இழந்த குடும்பத்தின் வாரிசு. தன் எதிரிக்கு எதிரியை அவர் நன்றாகவே பயன்படுத்தினார்.

அதே ராஜா போங்சு 1612இல் இன்னொரு காரியம் செய்தார். மலாய் அரசர்களின் வரலாற்றை வருங்காலத் தலைமுறைக்காக எழுதித் தரும்படி துன் ஸ்ரீ லானாங்கிடம் பணித்தார். அந்த நூல்தான் ‘சுலாலாத்துஸ் சலாத்தின்’. ‘செஜாரா மெலாயு’ என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த நூல். 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. ‘மாரே லிபரும்’ வெளிவந்தது 1609. இது எழுதப்பட்டது 1612. கடலில் ஒரே பக்கம் நின்ற இரண்டு தரப்பும் மூன்றாண்டு இடைவெளியில் எழுதுகோலை எடுத்திருக்கின்றன. ஒன்று வருங்கால வாணிகத்துக்காக. மற்றொன்று இழந்த மலாக்காவின் நினைவு அழியாமல் இருப்பதற்காக. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் படம் முழுமையாகும்.

நீதிமன்றத்தில் பழைய புத்தகம்

பழைய புத்தகத்தால் இன்று என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கான பதில் 2008ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி கிடைத்தது.

மலேசியாவும் சிங்கப்பூரும் உரிமை கோரிய பெட்ரா பிராங்கா, அதாவது பூலாவ் பத்து பூத்தே, வழக்கில் திஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. அந்தத் தீவு முன்பு யாருக்கும் சொந்தமில்லாததா, ஜொகூருக்குச் சொந்தமானதா என்பது முதல் கேள்வி. நீதிபதிகள் பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். ஜொகூர் நெடுங்காலமாகவே இறையாண்மை உள்ள அரசு என்று சாந்தா கத்தரினா வழக்குக்காகக் குரோட்டியஸ் எழுதிய வாசகம் தீர்ப்பிலே இடம்பெற்றது. பத்து பூத்தேயின் பக்கம் இரண்டு படகுகளை அனுப்பி, சீன வணிகர்கள் ஜொகூர் ஆற்றுக்குள் போகாமல் தடுக்கலாம் என்று 1655இல் மலாக்காவின் டச்சு ஆளுநர் எழுதிய கடிதமும் இடம்பெற்றது. தொடக்க உரிமை ஜொகூருக்கே என்று நீதிமன்றம் ஏற்றது.

கொள்ளையை நியாயப்படுத்த ஒரு டச்சு இளைஞர் எழுதிய எழுத்து, நானூறு ஆண்டுகள் கழித்து ஜொகூரின் இறையாண்மைக்குச் சாட்சி சொன்னது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1953இல் சிங்கப்பூர் தரப்பு அந்தத் தீவைப் பற்றிக் கேட்டபோது, ஜொகூர் அரசு அதற்கு உரிமை கோரவில்லை என்று ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் ஒரு கடிதத்தில் பதில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்துக்கும், பிந்திய ஆண்டுகளில் இரு தரப்பும் நடந்துகொண்ட முறைக்கும் நீதிமன்றம் பெரும் மதிப்புக் கொடுத்தது. 1980க்குள் உரிமை சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என்று முடிவு செய்தது. அருகில் உள்ள மிடல் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்குக் கிடைத்தன. ஒரு பழைய நூல் கொடுத்ததை ஒரு சிறு கடிதம் மாற்றியது. எழுத்து எத்தனை கூர்மையான ஆயுதம் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

இன்றும் உலக வாணிகத்தின் கணிசமான பகுதி இதே நீரிணை வழியே போகிறது. அதன் ஒடுங்கிய இடத்தின் அகலம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. எண்ணெய்க் கப்பல், கொள்கலன் கப்பல், கடலடிக் கம்பி என்று சரக்கு மாறியிருக்கிறது. கேள்வி மாறவில்லை. வழி யாருடையது, சட்டம் யாருடையது, அதை எழுதி வைத்திருப்பது யார்?

தோமே பிரெஸின் நூல் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. லின்ஸ்கோட்டனும் குரோட்டியஸும் கிடைக்கிறார்கள். ‘செஜாரா மெலாயு’ நூலகத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பிள்ளைகளோடு சேர்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படிக்கலாம். ஐரோப்பியர் எழுதியது என்பதற்காக ஒதுக்க வேண்டாம். அவர்கள் எழுதியது என்பதற்காக அப்படியே நம்பவும் வேண்டாம். அந்தப் பக்கங்களில் நம் மூதாதையர் வேறொருவர் எழுத்தில் நிற்கிறார்கள். அவர்களைத் தேடிப் படிப்பது முதல் வேலை. நம் காலத்துக் கணக்கை நாமே எழுதிவைப்பது அடுத்த வேலை.

நினா சாத்துவின் ஏடு நமக்குக் கிடைக்கவில்லை. நம் பேரப்பிள்ளைகள் நம்மைப் பற்றி அப்படிச் சொல்லும் நிலை வரக்கூடாது.